வராதவளுக்கும் சைபர்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

இங்கே நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வலியே இல்லை என்று எழுதினால் நம்பமாட்டேன்.

ஓய்வு பெற்ற என்னை இந்தப் பள்ளி வரவழைத்தது மதிப்பெண் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளத்தானே. அவற்றைச் சேமிக்கும் டேட்டாபேஸ் மென்பொருளின் கட்டணம் கட்டுப்படியாகவில்லையாம். மலிவாக, அதனுடன் ஒத்துப்போகும் வேறொன்றைத் தேடுகிறார்கள். ஒப்புதல் கையெழுத்து நான்தான் போட வேண்டும்.

விற்க வந்தவர், "பழசு செய்யறதெல்லாம் இதுவும் அப்படியே செய்யும் சார். வித்தியாசமே தெரியாது" என்றார். கத்தரிக்காயை நீ திருப்பித் திருப்பிப் பார்ப்பாயே, அதுபோல எனக்கும் சந்தேகம். ஒரு வகுப்பின் மதிப்பெண்களை மட்டும் அதில் ஏற்றிக் காட்டச் சொன்னேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் காய்ச்சலால் தேர்வுக்கு வராத பெண்ணின் காலிக் கட்டத்தில் சைபர் உட்கார்ந்திருந்தது.

"காலியும் சைபரும் ஒண்ணுதானே சார்?"

"எப்படிப்பா ஒண்ணாகும்? வராதவளுக்கு மறுதேர்வு உண்டு. சைபர் போட்டா ஃபெயில்."

சரிசெய்து வருகிறேன் என்று போயிருக்கிறார். வந்தாலும் மறுபடி சோதிக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். அலுவலகத்தில் எனக்குச் சந்தேக வாத்தியார் என்று பெயர். நீ கவலைப்படாதே.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. நான் மாத்திரை போடும் நேரங்களை உன் கையால் எழுதி அனுப்பு. எனக்கு மனப்பாடம்தான், சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். மூன்று வாரமாக உன் கடிதம் இல்லை. நான் சைபர் போடவில்லை, கட்டத்தைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.

உன்
சந்தேக வாத்தியார்