நூறடிக்கு அப்பால்

ஜனவரி 5, திங்கள். பனி.

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். இருமல் விடவில்லை. காலையில் நீங்கள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும் நேரம் நான் என் பஸ்ஸில் ஒரகடம் தாண்டியிருப்பேன். உங்கள் நைட் ஷிப்ட் முடியும்வரை நமக்குப் பேச்சு இந்த நோட்டில்தான்.

வேலைகள்:
- கேஸ் சிலிண்டர் தீரப்போகிறது. சொல்லிவிடவும்.
- பாப்பா ஸ்கூல் விட்டு பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம் இருப்பாள். எழுந்ததும் போய் மருந்து, 5 மில்லி.
- மிக்ஸி வயர். தொட்டால் சுருக்கென்கிறது.

இன்றைய செய்தி. மகளிர் குழுச் செயலாளர் ஆன பாவத்துக்கு ஏரிப் படகு விதிகளைத் திருத்தி எழுதும் வேலை என் தலையில். காணும் பொங்கலுக்குப் படகு விடுகிறார்கள், டிக்கெட் கவுன்டர் எங்கள் குழுவுக்கு. இதுவரை இருந்த விதி மதகுப் பக்கத்துப் போர்டில் உள்ள மூன்று வார்த்தைதான்: குளிக்காதே, குதிக்காதே, குடிக்காதே. "டிகிரி படிச்சவ நீ. மேல எடத்துல காட்டினா மெச்சிக்கற மாரி எழுது" என்றார் ஊராட்சித் தலைவர் அம்மா.

எழுதினேன். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரையும் ஏற்றக் கூடாது. ஐந்தரைக்கு மேல் படகு இல்லை. மோட்டார் படகே வேண்டாம், அலை கரையை அரிக்கும். கடைசி வரி: கரையிலிருந்து நூறடி தள்ளித்தான் படகு போக வேண்டும்.

அந்த நூறடி என் யோசனை. போன மழையில் கரை ஊறிப்போய் நம் தெருவே மணல் மூட்டை அடுக்கியது மறக்கவில்லை. கரையைப் பிடித்து வைத்திருப்பதே ஓரத்தில் வளரும் கோரைப்புல்தான். அதில் தண்ணிக்கோழி கூடு வேறு. படகு ஏறி மிதித்தால் இரண்டும் போகும்.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. படகு எடுத்திருக்கும் கான்ட்ராக்டருக்குக்கூட. "சூப்பர்மா. மொத்தமே நாலடி ஆழம். வுயுந்தாலும் நின்னா இடுப்புதான்."

கொஞ்சம் பெருமையாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஜனவரி 6, செவ்வாய். பகலில் வெயில், சாயங்காலம் மறுபடி பனி.

உங்கள் பதில்: "சிலிண்டர் சொல்லியாச்சு." சரி.

அரை நாள் பர்மிஷன் போட்டு ஏரிக்குப் போனேன். நூறடியை அளந்து கொடி நடலாம் என்று. அன்னப் படகுகள் வந்து இறங்கியிருக்கின்றன. பிளாஸ்டிக் உறை பிரிக்காத மூஞ்சிகள், வரிசையாக. வலை போடும் ஏழுமலை அண்ணன் கரையில் உட்கார்ந்து சிரித்தார்.

"இன்னா தங்கச்சி, ஏரிக்கு பட்டா எடுக்கறியா?"

விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. என்னைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு போனார். நூறடி தாண்டி, இன்னும் கொஞ்சம் தள்ளி, மூங்கில் கழியை இறக்கினார். இரண்டு ஆள் உயரக் கழி. முழுவதும் போனது. அவர் முழங்கை நனைந்தது. தரை தட்டவில்லை.

"நாலடின்னு எந்த மடையன் சொன்னான்?"

"இது என்னண்ணா?"

"மண்ணு தோண்டி அட்ச்ச பள்ளம். வல்லம் பக்கம் கீற கம்பெனிங்களுக்கு மேடு போட மண்ணு எங்கேர்ந்து போச்சுன்னு நெனச்ச? வலை மாட்ற பள்ளம் ரெண்டு மூணு எனுக்கு தெரியும். மொத்தம் எத்தினி கீதுன்னு தெரியாது. ஒன் வூட்டுக்காரரை கேளு. ராவும் பகலும் டிப்பர் ஓட்னவரு அவருதானே."

கல்யாணத்துக்கு முன் லாரி ஓட்டினீர்கள் என்று தெரியும். எந்த மண், எந்த ஏரி என்று நான் கேட்டதே இல்லை.

"மீட்டிங்ல வந்து சொல்லுங்கண்ணா" என்றேன்.

"மீன் குத்தகையும் அந்த கான்ட்ராக்டர் கைல கீது. என்னை இய்க்காத தாயே."

ஆகவே உங்களைக் கேட்கிறேன். ஏரியில் எத்தனை பள்ளம்? எங்கெங்கே?

ஜனவரி 7, புதன். மூடுபனி. பஸ் முக்கால் மணி லேட்.

உங்கள் பதில்: "மருந்து கொடுத்தேன். மிக்ஸி ரெடி."

என் கேள்விக்குக் கீழே ஒன்றும் இல்லை. பேனாவை வைத்து எடுத்த ஒரு புள்ளி மட்டும்.

சாயங்காலம் ஊராட்சி ஆபீஸில் மீட்டிங். நான் நட்டிருந்தால் அந்தக் கொடிகள் படகுகளை நேராகப் பள்ளத்துக்கு அனுப்பியிருக்கும் என்று நினைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்ததும், நூறடி தாண்டினால் பள்ளம் இருக்கிறது, விதியை மாற்ற வேண்டும் என்றேன். ஏழுமலை அண்ணன் பெயரைச் சொல்லவில்லை.

கான்ட்ராக்டர் ஏரியை அளந்த சர்ட்டிபிகேட் என்று ஒரு பேப்பரைத் தள்ளினார். அதில் ஆழம் நாலடி என்றுதான் இருக்கிறது. சீல் வேறு. பிறகு ரொம்ப அன்பாகக் கேட்டார்:

"யாரும்மா சொன்னது? ஒங்க வூட்டுக்காரா? நல்லா கீறாரா? கம்பெனி வேலைல ஒண்ணும் பிரச்சினை இல்லையே? நான் சேத்துவுட்ட புள்ள, அதான் கேட்டேன்."

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குழுவில் ஒருத்தி, "அப்போ கரையோரமாவே வுட்டுடலாமே" என்றாள். விட்டால் கோரை போகும், அடுத்த மழைக்குக் கரை போகும், கரைக்குக் கீழே நம் தெரு. இதைச் சொன்னேன். தலைவர் அம்மா பெருமூச்சு விட்டார்.

"ஆதாரம் இல்லாம நான் எய்த முடியாதும்மா. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு கையெழுத்து. அதுக்குள்ள எதுனா இருந்தா கொண்டா."

வெளியே வந்து செருப்பைத் தேடும்போது தலைவர் அம்மாவே என் காதோரம்: "எனுக்கும் பேரப்புள்ளைங்க கீதுடி."

ஜனவரி 8, வியாழன். பனி.

உங்கள் பதில்: "வம்பு வேண்டாம். சாப்பிட்டுத் தூங்கு."

இருமலுக்கு வெந்நீர் போட எழுந்தேன். இப்போது தூக்கம் போய்விட்டது.

பாப்பா டயரியில் ஸ்கூல் சீட்டு. பொங்கல் லீவு முடிந்ததும் யூ.கே.ஜி. பிள்ளைகளுக்குப் படகுச் சவாரி. பெற்றோர் கையெழுத்து தேவை. "அம்மா, அன்னத்துக்கு உள்ள உக்காரலாமா, மேலயா?" என்று கேட்டுக்கொண்டே இருமுகிறாள். நான் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அவளை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற பிள்ளைகளுக்கு டிக்கெட் கிழிக்கப் போவது நான்தான்.

இன்னொன்று. பஸ்ஸில் வரும்போது நினைவு வந்தது, அப்படியே எழுதிவிடுகிறேன். லாட்ஜில் தங்கியிருந்த அந்த ஒடிசாத் தொழிலாளி. ஏரியில் குளிக்க இறங்கி மூழ்கி இறந்தவர். குடித்திருந்தார் என்று ஊரே சொல்லிவிட்டது, நானும் சொன்னேன். நீங்கள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஷிப்ட் களைப்பு என்று ரசம் வைத்துக் கொடுத்தேன். அவர் எந்த இடத்தில் இறங்கினார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, இல்லையா? இத்தனை நாள் அதை வைத்துக்கொண்டு தனியாக எப்படி இருந்தீர்கள்?

உங்கள் மேல் கோபமில்லை. மண் அடித்த காலத்தில் உங்களுக்கு இருபத்திரண்டு வயது. லோடு ஏற்றினார்கள், ஓட்டினீர்கள். கோபம் இருக்கிறது, பொய் எழுதக் கூடாது. பாப்பாவை ஏரிப் பக்கம் கூட்டிப் போக மாட்டீர்கள். எனக்கு ஏன் என்று சொல்லவில்லை. அந்தக் கோபம்தான்.

உங்கள் வேலை போகலாம். தெரியும். கான்ட்ராக்டர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. என் சம்பளத்தில் வாடகையும் பாப்பா ஃபீஸும் போனால் என்ன மிஞ்சும் என்று நான் கணக்குப் போடாமல் இல்லை. பள்ளம் இருக்கும் இடங்களைப் பெயர் எழுதாமல் கொடுத்தாலும் யார் குறித்தது என்று அவருக்குப் புரியும். புரியாது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

பள்ளம் எங்கே என்று தெரிந்தால் வழி இருக்கிறது. கோரைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் மிதவை போட்டுக் கயிறு கட்டி, அதற்குள்ளேயே படகு விடலாம். கரையும் தப்பும், பிள்ளைகளும் தப்பும். எங்கே என்று தெரியாமல் எந்த நம்பரை எழுதினாலும் அது குருட்டு நம்பர்.

அடுத்த பக்கத்தில் ஏரியை வரைந்திருக்கிறேன். மதகு, கலங்கல், படகுத் துறை, கோரை இருக்கும் பக்கம். வளைவு சரியாக வரவில்லை, உங்களுக்குப் புரியும். பள்ளங்களைக் குறிக்கச் சிவப்புப் பேனாவை உள்ளேயே வைத்திருக்கிறேன்.

நாளை பர்மிஷன் சொல்லிவிட்டேன். பத்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் ஊராட்சி ஆபீஸ் போவேன். தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப மாட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. நோட்டை மட்டும் எடுத்துப் பார்ப்பேன்.

படுக்கும் முன் எழுதிவிடுங்கள். பத்து மணிக்குள் பதில் வேண்டும்.