கதவு எண் இல்லாத குடிசைகள்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் மனைவிக்கு இடுப்பு வலி தேவலையா? எனக்கு முட்டிதான் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. ஜீப்பை நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேதான் ஊர் ஊராகப் போகிறேன். ரத்தம் பரிசோதிக்கிறவரையும் வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

யானைக்கால் மாத்திரை இந்த வருடம் இன்னும் வந்து சேரவில்லை. கையில் கொடுத்துவிட்டு வந்தால் கூரையில் செருகிவிடுவார்கள். கண் முன்னால் விழுங்க வைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்லி, அப்புறம்தான் பெயருக்கு நேரே டிக் போடுவேன். ஐந்து வருடமாக இப்படித்தான். தலைமை அலுவலகத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாயே, கொஞ்சம் விசாரித்துச் சொல்லேன்.

உன் அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்கா,

கோபப்படாமல் படி. மாத்திரை வராது. நிதி கொடுத்துவந்த வெளிநாட்டு நிறுவனம் கையை விரித்துவிட்டது. இருக்கிற மாத்திரை, நோய் இருக்கிற பகுதிகளுக்கு மட்டும் என்று முடிவாகிவிட்டது. போன பரிசோதனையில் உன் பகுதியில் ஒருவர் ரத்தத்தில்கூட யானைக்கால் புழு இல்லை. அதனால் நிறுத்தும் பட்டியலில் முதல் பகுதி உன்னுடையது. அதைத் தட்டச்சு செய்தது நான்தான். ஒரு பக்கம் பெருமையாகக்கூட இருந்தது.

தம்பி

மார்ச் 27

தம்பி,

பெருமைப்படாதே. அந்தப் பரிசோதனை சரியில்லை. செங்கல் சூளைக் குடிசைகளுக்குக் கதவு எண் கிடையாது. அதனால் என் பதிவேட்டில் அவர்கள் பெயரும் கிடையாது. மாத்திரை மீந்தால் கொடுப்பேன், இல்லாவிட்டால் இல்லை. பரிசோதனைக்கு வந்தவர், நோட்டில் இருப்பவர்கள் போதும் என்றார். மதிய பஸ் போய்விடுமே என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

நேற்று சூளைக்குப் போனேன். செங்கல் சுமக்கிற ஒருத்திக்கு வலது கால் வீங்கியிருக்கிறது. இருபது வயதுதான் இருக்கும். உங்கள் பெயர் கணக்கில் இல்லை, மாத்திரை வராது என்று சொன்னேன்.

"எங்க பேரு உங்க நோட்டுல இல்லன்னா எங்க கால் வீங்காதாக்கா?" என்று கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அதிகாரி மேஜையில் வை. மறுபரிசோதனை வந்தால்தான் அவர்களுக்கு மாத்திரை கிடைக்கும்.

அக்கா

ஏப்ரல் 10

அன்புள்ள அக்கா,

உன் காகிதத்தை நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் பொய்ப் பதிவு என்று உன்னை வேலையை விட்டே நீக்கிவிடுவார்கள். ஓய்வு பெற இன்னும் எட்டே மாதம். பென்ஷனும் போய்விடும். பட்டியலில் கையெழுத்தாகிவிட்டது. உன் காகிதம் என் டிராயரில் பூட்டிப் பத்திரமாக இருக்கிறது. நீயும் எவ்வளவுதான் நடப்பாய்? விட்டுவிடு அக்கா.

தம்பி

ஏப்ரல் 18

பட்டியல் பிரிவு எழுத்தர் அவர்களுக்கு,

செங்கல் சூளைக் குடிசைகள் பரிசோதனையில் விடுபட்டது பற்றி அதிகாரிக்கே இன்று பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். தவறு என்னுடையது, வேலை போனால் போகட்டும் என்றும் எழுதியிருக்கிறேன். எனக்கு மிகவும் அலுத்துவிட்டது. ஆனால் அந்தப் பெண்ணின் காலைப் பார்த்துவிட்டு வந்தவள் நான்தான்.

உங்களிடம் உள்ள காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அது உங்களுக்கு வந்ததாக நான் எங்கும் எழுதவில்லை. தம்பிக்காக என்னால் இவ்வளவுதான் முடிந்தது.

இப்படிக்கு,
களப்பணியாளர்