ஓரத்தில் உன் கட்டைவிரல்

இன்று காலை போனில் ஏதோ படம் தேடப்போய், மொஹிங்காக் கிண்ணம் ஒன்று வந்து நின்றது. மீன்சாற்றில் ஊறிய பர்மியச் சேவை, மேலே பாதி முட்டை. ஓரத்தில், வழக்கம்போல் உன் கட்டைவிரல். டாக்சியின் பானட் மூடி விழுந்து கறுத்த நகத்தோடு. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், விரலை நகர்த்திப் படம் எடு என்று. நீ கேட்டால்தானே.

நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்காகத்தான் தேடினேன். இங்கே பசுந்தாங் பேட்டையில் அவருடைய பாட்டனார் கடை வைத்திருந்த தெருவைப் பார்க்க வந்திருக்கிறார். நாம் இருவரும் டாக்சி ஓட்டிய காலத்தில் பயணிகளுக்கு நீ சொன்னதையே ஒப்பித்தேன். புத்தர் கோயிலுக்குள் காலுறைகூட ஆகாது. சிப்பாயையும் பாலத்தையும் படமெடுக்கக் கூடாது. இருட்டுமுன் அறைக்குத் திரும்பிவிட வேண்டும்.

"போன்ல இருந்ததெல்லாம் அழிச்சுட்டேன் தம்பி," என்றார் பெருமையாக. உன் பேச்சுதான் நினைவுக்கு வந்தது.

"சோதனையில காலி போனைப் பாத்தாத்தான் சிப்பாய்க்குச் சந்தேகமே வரும். மனுசன் குடியிருக்கிற வீட்டுல கொஞ்சம் குப்பை கெடக்கணும்ல?" என்பாய் நீ. வருகிறவர்களின் போனை வாங்கி, சூலே பகோடா, கோயில் தீமிதி, சோற்றுத் தட்டு என்று நீ எடுத்த படங்களாலேயே நிரப்பிக் கொடுப்பாய்.

அப்படிப்பட்டவனின் போன் போட்டாதாங் படகுத்துறையில் தண்ணீருக்குள் விழுந்தது. புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாய். வீட்டுக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாய். வழியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். சிப்பாய் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"எதை அழிச்ச?"

"புதுப் போன் சார். இப்பத்தான் வாங்கினேன்."

அவன் நம்பவில்லை. இறங்கும்போது என்னிடம், "நீ போப்பா, பின்னாடியே வந்துர்றேன்," என்றாய். பஸ் கிளம்பிவிட்டது. பிறகு நீ செத்துவிட்டாய் என்ற செய்திதான் வந்தது. கொள்ளி வைக்க உடலைக்கூடத் தரவில்லை.

உன் முகம் இருந்த படங்களையெல்லாம் அன்றே அழித்தேன், அழுதுகொண்டே. உன்னைத் தெரியும் என்பதே இப்போது ஆபத்து.

அந்த அம்மாவின் போனை, என்னிடம் மிஞ்சிய நீ எடுத்த படங்களால் நிரப்பி, வண்டியில் ஏற்றினேன். பசுந்தாங் திருப்பத்தில் நிறுத்தினார்கள். சிப்பாய் சின்னப் பையன்தான். மொஹிங்காப் படத்தில் வந்து நின்றுவிட்டான்.

"இது யார் விரல்?"

அந்த அம்மாவுக்குப் பர்மியம் புரியவில்லை. என்னைப் பார்த்தார்.

"என்னோடது," என்றேன்.

ஸ்டியரிங்கில் இருந்த என் கையை வெகுநேரம் பார்த்தான். நகம் கறுப்பாக இல்லை.

"கறுத்த நகம் எங்கே?"

"விழுந்து புதுசா மொளைச்சிருச்சு."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஆனால் வண்டி எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். அந்த அம்மா நாளை ஊர் திரும்பிவிடுவார். எனக்கு நாளையும் அதே திருப்பம், அதே பையன்.

அந்தப் படத்தையும் அழித்துவிடு என்கிறாள் என் மனைவி. மாட்டேன். உன்னில் எனக்கு மிஞ்சியது அந்த விரல்தான். யார் கேட்டாலும் என் விரல் என்றே சொல்வேன்.