ஒரே டம்ளர்

சாப்பிடாமல் இல்லை அம்மா, வேளைக்குச் சாப்பிடுகிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

என் சமூகப்பணி மாணவர்களுக்கு அறிக்கை எழுதப் பழக்க, தனியாக வசிக்கும் ஒருவரை வீட்டுக்கே போய்ப் பார்த்து எழுதச் சொன்னேன். ஒருத்தி நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"நீங்களும் தனியாத்தானே இருக்கீங்க, மிஸ்?"

'தனிமையில் வாடுகிறார்' என்று எழுதிக் கொடுத்தாள். அந்த வரியை அடித்துவிட்டேன். "இது உன் அபிப்பிராயம். கண்ணால பார்த்ததை மட்டும் எழுது."

திருத்திக் கொண்டுவந்தாள்: 'வீட்டில் ஒரே டம்ளர். நான் டீ குடித்து முடித்ததும், அதைக் கழுவித் தானும் குடித்தார்.'

முழு மதிப்பெண் போட்டேன். எனக்குச் சிரிப்புதான் வந்தது, கவலைப்படாதே.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு டம்ளர் கொடுத்தனுப்பு. புதிது வேண்டாம், நீ காபி குடிக்கும் டம்ளரே போதும். மணியடித்துவிட்டது, வகுப்புக்கு ஓடுகிறேன்.

பி.கு.: வகுப்பு முடிந்ததும் அவளை ஞாயிற்றுக்கிழமை மறுபடி டீக்கு வரச் சொன்னேன்.