மேல்கட்டிலின் குறுக்குச் சட்டம்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எந்நேரமும் என் நினைப்பு.

போனில் சொல்லாமல் கடிதம் ஏன் என்று கேட்பாய். நீ ஸ்பீக்கரில் போடுகிறாய், மாப்பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறார், வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, கட்டில் அழகாக இருக்கிறது என்று சொல்லி வைத்தேன். அழகுதான், பொய் இல்லை. சின்ன அறையில் மேலே படுக்கை, கீழே மேசை என்று யோசித்துத் தன் கையாலேயே செய்திருக்கிறார். ஆனால் நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. பாரம் தாங்குகிற குறுக்குச் சட்டத்தின் நட்டநடுவில், கீழ் ஓரத்தில், பெரிய கணு ஒன்று இருக்கிறது, அதைச் சுற்றிக் கறுப்பு வளையம். மரக்கடையில் நாள் முழுக்கப் பைன் பலகைதான் தரம் பிரிக்கிறேன், அப்படி ஒன்று வந்தால் தனியே ஒதுக்கிவிடுவேன். வளையம் கறுப்பாக இருந்தால் கணு மரத்தோடு ஒட்டவில்லை என்று அர்த்தம், கழன்று விழலாம், முறிந்தாலும் அந்த இடத்தில்தான் முறியும். 'கணு கணுவா இருக்கறதுதான் மரத்துக்கே அழகு' என்று மாப்பிள்ளை தேடி எடுத்தாராமே, அலமாரிக்குச் சரி, ஆள் படுக்கிற இடத்துக்கு ஆகுமா. அப்பாவிடம் சொன்னால், 'ஊர்ல இருக்கற கட்டிலுக்கெல்லாம் நீ கணு பாக்காத, அது நிழலா இருக்கும்' என்கிறார். அவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும், நிழலாகவே இருக்கட்டும்.

நீ டார்ச் அடித்துப் பார், கணுவைக் கட்டை விரலால் அழுத்து. ஆடினாலும், சுற்றிலும் கறுப்பு தெரிந்தாலும் சட்டத்தை மாற்றச் சொல். மர வரி நேராக ஓடுகிற, நடுவில் கணு இல்லாத பலகையாக வாங்கட்டும். முனையில் திருகு ஏற்றுமுன் சின்னத் துளை போடட்டும், இல்லாவிட்டால் பைன் பிளந்துவிடும். பழைய சட்டத்தை எறிய விடாதே, முகம் பார்க்கிற கண்ணாடிக்குக் கீழே தட்டாக மாட்டச் சொல், அவர் மனமும் நோகாது. மெத்தை வரும்வரை கீழேதான் படுக்கிறோம் என்றாய், அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். கடிதத்துக்கு முன்னால் மெத்தை வந்துவிடுமோ என்று இப்போது அது வேறு பயம்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழுங்கள். நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் மறக்காதே, நீ சொன்னதும் அவர், 'நானே ஏறிக் காட்டறேன் பாரு' என்று கிளம்புவார். ஏற விடாதே. அவரும் நான் பெற்ற பிள்ளை மாதிரிதான், இந்த வரியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டு.

உன் அம்மா