நைஜீரியாவுக்குச் சைபர்

ரொறொன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் நாங்கள் மீன் வாங்குகிற கடைத்தொகுதியில் புதிதாக ஓர் ஆபிரிக்க மளிகைக் கடை திறந்திருக்கிறார்கள். போன சனிக்கிழமை மகள் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். அவளின் ஒரு கையில் சாம்பியாவின் வெள்ளைச் சோள மா, மற்றக் கையில் நைஜீரியாவின் வறுத்த மரவள்ளி மா. அந்தப் பொதியின் மூலை சற்றுப் பிரிந்து புளித்த மணம் வந்தது.

"அப்பா, இதிலை எது பெட்டர்?" என்று கேட்டாள்.

உடனே உம்முடைய நினைவுதான் வந்தது. நீரும் நானும் கிழட்டுக் காலம் முழுவதையும் இந்த ஒரு கேள்வியில்தானே கழித்தோம்.

யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். ஆபிரிக்காவுக்கு ஆசிரியர்களை எடுத்த காலத்தில் எனக்குச் சாம்பியா மட்டும் கிடைத்தது. உமக்கு இரண்டு நாடும் கிடைத்தன. எங்களோடு சாம்பியாவுக்கு வரத்தான் உம் மனைவிக்கு ஆசை. "எண்ணெய் விளையிற நாடு, அங்கை என்ன குறை?" என்று சொல்லி நீர் நைஜீரியாவைத் தெரிந்தெடுத்தீர். அங்கே ஒரு மழைக்காலத்தில் உம்முடைய ஒரே மகன் மலேரியாவில் இறந்தான். பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை அவனுக்கு.

ரொறொன்ரோவில் ஓய்வு பெற்ற பிறகு புதன்கிழமைகளில் ஷொப்பிங் மோலில் கோப்பியோடு கூடுவோம். நீர், நான், கானாவில் கணிதம் படிப்பித்த கண்ணாடி மாஸ்டர். வாத்திமார் அல்லவா, மார்க்ஸ் போடாமல் எதையும் பார்க்கத் தெரியாது. ஒரு வாரம் தண்ணீர், ஒரு வாரம் தெரு, ஒரு வாரம் சந்தை என்று எடுத்து, நாடுகளுக்குப் பத்துக்கு இவ்வளவு என்று போடுவோம். உதாரணமாக, சந்தையில் நீர்தான் வென்றீர். நீர் கார் ஓட்டி இறைச்சி வாங்கிய காலத்தில் நாங்கள் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்துக்கு வரிசையில் நின்றோம்.

"சவுக்காரம் இல்லாத நாட்டிலை இருந்து வந்தவர், தள்ளி இரும் ஐசே," என்பீர். மின்சாரம் என்று வந்தால் என் முறை. "உம்மட ஊரிலை லைற் வந்தால் பெருநாள் எல்லோ," என்பேன்.

ஆஸ்பத்திரியை மட்டும் நாங்கள் எடுத்ததேயில்லை. ஒரு நாள் நீராகவே எடுத்தீர். எடுத்து, நைஜீரியாவுக்குப் பத்துக்குப் பத்துப் போட்டீர்.

"லைற் இல்லாத ஆஸ்பத்திரிக்குப் பத்தோ?" என்று கண்ணாடி மாஸ்டர் சிரித்தார். பிள்ளையின் கதை அவருக்குத் தெரியாது.

"டொக்டர் ஒரு குறையும் விடேல்லை. எங்கை எண்டாலும் அவ்வளவுதான் செய்திருப்பினம்," என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தீர். நீர் கேட்பது எனக்கு விளங்கியது. சாம்பியாவிலும் அவன் பிழைத்திருக்க மாட்டான் என்று ஒருவன் சொல்ல வேண்டும். சாம்பியாவுக்கு ஐந்து போட்டேன். "எங்கடையிலையும் அவ்வளவுதான் செய்திருப்பினம்," என்றேன்.

அந்த நேரம் உம் மனைவி கடைப் பைகளோடு உம்மைக் கூட்டிப்போக வந்தார். கண்ணாடி மாஸ்டர் பகிடியாகக் கேட்டார்: "தங்கச்சி, நீங்கள் சொல்லுங்கோ. நைஜீரியா ஆஸ்பத்திரிக்குப் பத்துக்கு எத்தினை?"

அவர் பைகளைக் கீழே வைத்தார்.

"சைபர்."

மாஸ்டர் சிரித்தார். உம் மனைவி சிரிக்கவில்லை. "இவ்வளவு வருசமா இவர்தான் மார்க்ஸ் போடுறார். என்னை இண்டைக்குத்தான் ஒருத்தர் கேக்கிறார்," என்றார்.

நீர் கோப்பியின் மூடியை அழுத்தி அழுத்தி மூடினீர். அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் வரவில்லை. ஒரு தடவை போன் எடுத்து, "அவ சொன்னது சரியோ ஐசே?" என்று மட்டும் கேட்டீர். "கோவத்திலை சொன்னது," என்றேன். அந்தப் பனிக்காலம் முடிவதற்குள் நீர் போய்விட்டீர்.

உம்முடைய இறுதிக் கிரியை மண்டபத்தில் என் மகள் உமக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். உம் மனைவி என் பக்கத்தில் வந்து நின்று அவளையே பார்த்தார்.

"அண்ணை, உவளுக்கும் அதே காய்ச்சல்தானே வந்தது. அதே மழைக்காலம்."

நான் மகளின் பக்கம் திரும்பினேன்.

"உங்கட மனிசி அப்பவே சொன்னவ. செம்புச் சுரங்கத்து ஆஸ்பத்திரியிலை மருந்து இருந்ததாம், சேலைன் ஏத்தினதாம், பிள்ளை எழும்பி நடந்து வீட்டை வந்திட்டாளாம்." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "இவருக்கு நான் அதைச் சொல்லேல்லை. சைபர் எண்டு மட்டும்தான் சொன்னனான்."

கடையில் மகள் இன்னும் பதிலுக்கு நின்றாள். "எனக்குத் தெரியாது பிள்ளை," என்றேன். "வாத்தியாருக்கே தெரியாதோ?" என்று சிரித்து, "அப்ப நாங்கள் சாப்பிட்டு வளர்ந்ததையே எடுப்பம்," என்றாள். மரவள்ளி மாவை மேல்தட்டில் திரும்ப வைக்கக் கையை உயர்த்தியபோது சட்டைக் கை சரிந்து, சேலைன் ஏற்ற நரம்பு கிடைக்காமல் அன்று மணிக்கட்டில் கீறிய தழும்பு தெரிந்தது.

நீர் எங்கள் வீட்டுக்கு வருகிற நாட்களில் நீளக் கைச் சட்டை போடும்படி அவளிடம் சொல்வேன். ஏன் என்று அவள் கேட்டதில்லை. இப்போது மறைப்பதற்கு ஆள் இல்லை. இருந்தும் அந்தத் தழும்பைக் கண்டதும் நான் முதலில் செய்தது, நீர் எங்காவது நிற்கிறீரா என்று திரும்பிப் பார்த்ததுதான்.