புங்கங்கன்றும் செம்பருத்தியும்

என் அன்புக்குரியவருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வாசலில் புங்கன் வேண்டாம், செம்பருத்தி வை என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதத்தில் பூத்துவிடுமாம்.

இதையேதான் காரியஸ்தர் சிங்காரவேலுவும் போன வாரம் வேலிக்கு வெளியே நின்று சொன்னார். "பூச்செடின்னா எத்தன வேணாலும் வச்சுக்கம்மா. மரம் வச்சா நாளைக்கு மனையே எங்களுதுன்னு நிப்பீங்க. பண்ணை ஐயாவுக்கு இது தெரியாதா?"

அவர் பண்ணையாரிடம் சம்பளம் வாங்குகிறவர், அப்படித்தான் சொல்வார். தொலைவில் பிலாயில் வேலை பார்க்கும் உங்களுக்கு என்ன பயம்? குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. பட்டா மனுவை நிரப்பி அனுப்பினேன். கையெழுத்துப் போடாமல், "கொஞ்சம் பொறு" என்று திருப்பி அனுப்பினீர்கள். பண்ணையார் கிளம்பச் சொன்னால் செம்பருத்தியில் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். அதனால்தானே அது உங்களுக்குப் பிடித்திருக்கிறது?

புங்கன் நிழல் தர ஐந்தாறு வருடமாகும். அத்தனை வருடமும் நாம் இங்கேதான் இருப்போம் என்று நீங்கள் ஒரு வரி எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன்.

நேற்றுக் காலையில் கன்றை நட்டுவிட்டேன். மன்னார்குடிக்குப் போய், தாலுகா ஆபீசில் என் பெயரிலேயே மனு கொடுத்தேன். சாயங்காலம் காரியஸ்தர் வந்து, "யாரு வச்சது?" என்றார். "நான்தான்" என்றேன்.

"ஊட்டுக்காரரு சம்மதிச்சாரா?"

அதற்குப் பதிலை நீங்கள்தான் எழுத வேண்டும்.

நம் மனையிலிருந்து,
உங்களவள்